கொட்டுச் சத்தம் கேட்ட குதிரை

நான் குதிரை ஓட்டுகிறேன் என்று சொன்னால் காரைக்குடியில் முதலில் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் "எதுக்கு?" என்று கேட்பார்கள். நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். வாரம் முழுக்க ஒரு சின்ன இருட்டறையில் நின்றுகொண்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி வச்சது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பதுதான் பிழைப்பு. பாதிப் பேர் எழுத்து தெரியாவிட்டாலும் தெரிகிற மாதிரி தலையாட்டுவார்கள். தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். எனக்கோ அதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்களேன், வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று ஒரு பெரியவரிடம் எரிந்து விழுந்தும் இருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது காது சுடுகிறது.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சிறியது. ஒரு பல் டாக்டர், ஒரு டைல்ஸ் கடைக்காரர், நான். எப்போதாவது வந்து எட்டிப் பார்க்கிறவர்கள் இன்னும் சிலர். இளையாத்தங்குடி போகிற வழியில் வற்றிக் கிடக்கும் ஒரு கண்மாய்தான் எங்கள் மைதானம். அதன் கரையோரம் தகரக் கொட்டகை போட்டுக் குதிரைகளைக் கட்டியிருக்கிறோம். உண்மையைச் சொன்னால் குதிரை மேல் இருக்கிற நேரத்தைவிட, குதிரை மேல் இருக்கிற படத்தைத் தேர்ந்தெடுக்கிற நேரம்தான் அதிகம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்கிற ஆள் தெரியாதபடி படத்தை வெட்டி, வாட்ஸ்அப் குழுவில் போடுவோம். கீழே ஒருவருக்கொருவர் "மாஸ்" என்று எழுதிக்கொள்வோம். ஊரில் வேறு யாரும் எழுத மாட்டார்கள் என்பதால்.

டாக்டரிடம் இருப்பது உயர்ந்த ஜாதிக் குதிரை. என் வசதிக்கு ஒரு மட்டக்குதிரைதான் வாய்த்தது. செவலை நிறம், நெற்றியில் வெள்ளை. நான் ஏறி உட்கார்ந்தால் கால் தரையைத் தொட அதிகம் பாக்கி இருக்காது. படத்தைப் பார்த்துவிட்டு என் மனைவி, "அது உங்களைச் சுமக்குதா, நீங்க அதைச் சுமக்குறீகளா?" என்று கேட்டாள். காளையார்கோவில் பக்கம் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிற ஒருவரிடம் அதை வாங்கினேன். "கொட்டுச் சத்தம் கேட்டா சொக்கிப்போயிரும் சார்" என்று அவர் சொன்னார். விற்கிறவர் பேச்சு, பொருளைப் புகழத்தானே செய்வார் என்று விட்டுவிட்டேன்.

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்மாயைச் சுற்றியது போதும், ரோட்டில் போவோம் என்று நான்தான் ஆரம்பித்தேன். புது ஹெல்மெட் வாங்கியிருந்தேன். முழங்கால் வரை பூட்ஸ். நாலு பேர் பார்க்கட்டும் என்ற ஆசைதான், வேறொன்றும் இல்லை. நான் முன்னால் போக, டாக்டர் பின்னால் வந்தபடி போனில் படம் பிடித்தார். ஒரு ஊர் முகப்பில் ரோடு திரும்புகிற இடத்தில் கொட்டுச் சத்தம் கேட்டது.

செவலையின் காது இரண்டும் நிமிர்ந்தன. கழுத்து வளைந்தது. ஒரு முன்னங்காலைத் தூக்கியது, வைத்தது, மறு காலைத் தூக்கியது. கடிவாளத்தை இழுத்தேன். ஆட்டம் பழகிய குதிரைக்குக் கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பதுதான் ஆடு என்கிற உத்தரவு என்று அப்போது எனக்குத் தெரியாது. நான் இழுக்க இழுக்க அது இன்னும் உயரமாகக் காலைத் தூக்கியது. பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து, நேராகக் கூட்டத்துக்குள் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது.

அது கல்யாணம் இல்லை. சாவு. பூ சுற்றிய தேரில் ஒரு பெரியவரை வைத்துத் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். செவலை தேருக்கு எதிரே போய், முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, பின்னால் நகர்ந்தபடியே ஆடியது. கொட்டுக்காரர்கள் குதிரையைப் பார்த்த உற்சாகத்தில் அடியை மாற்றினார்கள். அது அதற்கும் காலை மாற்றியது. மேலே நான், பளபளக்கும் பூட்ஸும் ஹெல்மெட்டுமாக. அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். செத்துவிடலாம் போலிருந்தது. அந்த இடத்தில் அப்படி நினைப்பதே அதிகப்பிரசங்கித்தனம்.

நாலைந்து இளவட்டங்கள் என்னை நோக்கி வந்தார்கள். அடி நிச்சயம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் துண்டை இடுப்பில் கட்டிய ஒரு பெரியவர் கையை உயர்த்தி அவர்களை நிறுத்திவிட்டு, "யாரு வீட்டுச் செய்முறைப்பா இது?" என்று கேட்டார். எங்கள் பக்கம் சாவுக்குச் சம்பந்தக்காரர்களும் பெண் கொடுத்தவர்களும் கோடித்துணி, மாலை, கொட்டு, வேட்டு என்று அவரவர் வீட்டு மரியாதையோடு வருவார்கள். யாரோ ஒரு உறவுக்காரர் குதிரையாட்டம் அனுப்பியிருக்கிறார் என்று அவர் நினைத்துவிட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். என்னைவிடச் சற்று இளையவள். இறந்தவரின் மகள் என்று பார்த்ததுமே தெரிந்தது. என் பூட்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எந்தம்பி அனுப்பிச்சு விட்டானாண்ணே? மலேசியாவுல இருந்து அவனா அனுப்பிச்சான்?"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. குதிரை ஆடினால் மேலே உட்கார்ந்திருப்பவன் தலையும் ஆடும், அவ்வளவுதான். முன்னும் பின்னுமாக என் தலை ஆடியது. கீழே இருந்து பார்த்தவளுக்கு அது போதுமாக இருந்தது.

அவள் திரும்பி நின்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "பார்த்தீகளா? மகன் ஒரு மாலைகூட அனுப்பலைன்னு பேசுனீகளே! அப்பாவுக்குக் குதிரையாட்டம்னா உசுருன்னு அவனுக்குத்தானே தெரியும்? திருவிழாவுல அவனைத் தோள்ல தூக்கிவச்சுல்ல காட்டுவாரு!" பிறகு தேரைப் பார்த்து, "அப்பா, உம் மகன் வந்துட்டான்ப்பா" என்று அழுதாள். அதற்குப் பிறகு அழாதவர்கள் இல்லை.

ஊர் எல்லை வரை செவலை ஆடியது. அங்கே கொட்டு ஓய்ந்ததும் ஒன்றுமே நடக்காதது போல் தலையைத் தாழ்த்திப் புல்லைத் தேடியது. அப்போது இறங்கிச் சொல்லியிருக்கலாம். நான் யாரும் அனுப்பி வந்தவன் இல்லை, ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்கு வந்தவன் என்று இரண்டு வாக்கியம். முதலில் பயத்தில் சொல்லவில்லை. பயம் போன பிறகு யாரோ என் தோளில் ஒரு துண்டைப் போர்த்தினார்கள். இன்னொருவர் சோடா உடைத்துக் கொடுத்தார். மரியாதை கிடைத்த பிறகு எப்படிச் சொல்வது? சோடாவைக் குடித்தேன். அந்த சோடாதான் என்னை இப்போதும் அதிகமாகக் குறுகவைக்கிறது.

நான் வீடு வந்து சேர்வதற்குள் வீடியோ எங்கள் குழுவுக்கு வந்துவிட்டது. டாக்டர், கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகளை வரிசையாகப் போட்டு, "நம்ம ஆளுக்குப் புது கிராக்கி" என்று எழுதியிருந்தார். சண்டை போட்டு அழிக்க வைத்தேன். அதற்குள் அது கைமாறி, அந்த ஊருக்கும் போய், மலேசியாவுக்கும் போய்விட்டது.

வீடியோவில் இருந்த ஆள் யாரென்று விசாரித்துக்கொண்டு, இரண்டு வாரத்துக்குள் அந்தத் தம்பி என் கடைக்கே வந்தான். கண் சோதிக்க வந்தவன் என்று நினைத்து இருட்டறை நாற்காலியில் உட்காரவைத்து விளக்கையும் போட்டுவிட்டேன். சுவரில் தெரிந்த எழுத்தைப் பார்த்தபடியே, "நான் அந்தக் குதிரையை அனுப்பல சார்" என்றான்.

வீட்டை விற்கிற விஷயத்தில் அப்பாவோடு சண்டை போட்டுவிட்டுப் போனவன். அப்பாவோடும் அக்காவோடும் பல வருஷமாகப் பேச்சு இல்லை. சாவுச் சேதி வந்தபோது டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொன்னானாம். "கேட்டுப் பார்த்தாத்தானே கிடைக்கும்? நான் கேக்கவே இல்லை சார்" என்றான். அக்கா போன் செய்து நன்றி சொல்லி அழுததும் அவனுக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. உண்மையைச் சொல்லியிருக்கிறான். அவள் நம்பவில்லை. செய்ததைச் சொல்லிக்காட்டாத பிள்ளை என்று அதற்கும் சேர்த்து அழுதிருக்கிறாள்.

"பதினாறாம் நாள் காரியத்துக்கு நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லிருங்க சார். நான் சொன்னா நம்ப மாட்டேங்குது. உங்க வாயால கேட்டா நம்பும். செய்யாததைச் செஞ்சதா வச்சுக்கிட்டு அப்பா போட்டோ முன்னாடி எப்படி சார் நிக்கிறது?"

அவன் வந்த காரியத்துக்கு அவனைப் பிடித்துப்போயிற்று எனக்கு. வருகிறேன், சொல்கிறேன் என்றேன். உறுதியாகத்தான் சொன்னேன்.

ஸ்கூட்டரில் போனேன். வாசலில் பந்தல். சாப்பாட்டுப் பந்தி ஆரம்பிக்கவில்லை. அக்கா என்னைக் கண்டதும் தட்டில் வேட்டி துண்டோடு வந்துவிட்டாள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். அவள் விட்டால்தானே. பங்காளிகள் உட்கார்ந்திருந்த வரிசைக்கு எதிரே என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இவுகதான். சொல்லுங்கண்ணே, உங்களை யாரு அனுப்பினது? எல்லாரும் கேட்கட்டும்."

தண்ணீர் டிரம் பக்கத்தில் தம்பி நின்றிருந்தான். சொல்லுங்கள் என்று கண்ணால் கெஞ்சினான். அக்காவின் கையில் தட்டு. அன்றைக்கு என்னை அடிக்க வந்த அதே இளவட்டங்கள் பந்தல் காலில் சாய்ந்து நின்றார்கள். இவர்கள் எல்லாருக்கும் முன்னால், உங்கள் வீட்டுச் சாவில் என் குதிரை தவறிப்போய் ஆடியது, நான் பேசாமல் மரியாதை வாங்கிக்கொண்டு போனேன் என்று சொல்ல வேண்டும்.

"உங்க தம்பிதாங்க அனுப்பினாரு" என்றேன்.

அவள் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொன்னேன் என்று பிறகு என் மனைவியிடம் சொன்னேன். அது பொய். எனக்குத் தைரியம் இல்லை. இந்த முறை சாக்குச் சொல்லக் குதிரையும் கிடையாது.

தம்பி என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? வழி கேட்டவனை வேறு பக்கம் அனுப்பிவிட்டால் அவன் திரும்பி வந்து பார்ப்பானே, அப்படி. அக்கா அவனிடம் போய், "இன்னும் இல்லைன்னு சொல்லுவியாடா?" என்று கேட்டாள். பந்தல் முழுக்க அவனையே பார்த்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அனுப்பினேன்க்கா" என்றான். பந்தியில் எனக்கு அவன்தான் பரிமாறினான். நிமிர்ந்தே பார்க்கவில்லை. நானும் இலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இப்போதெல்லாம் என் ஞாயிற்றுக்கிழமைகள் வேறு மாதிரி. அக்கா டவுன் பஸ் பிடித்து, ஊறவைத்த கொள்ளு ஒரு தூக்குவாளியோடு கண்மாய்க்கு வந்துவிடுகிறாள். செவலைக்குத் தன் கையாலேயே ஊட்டுகிறாள். அந்த நேரத்துக்குத் தம்பி மலேசியாவிலிருந்து வீடியோவில் வருவான். பேச்சே இல்லாமல் இருந்த இரண்டு பேரும் வாரம் தவறாமல் பேசிக்கொள்கிறார்கள். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் அவர்கள் போன் என்று நடுவில் நான். சவாரி குறைந்துவிட்டது. டாக்டரும் டைல்ஸ்காரரும் தூசியைக் கிளப்பிக்கொண்டு சுற்றுகிறார்கள். அன்றைக்கு எப்படி ஆடியது என்று அக்கா கேட்பாள், நான் சொல்வேன். சொல்லும்போது கொஞ்சம் சேர்த்துவிடுகிறேன். தேர் முன்னால் மண்டியிட்டு வணங்கியது என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அது மண்டியிடவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வாளியைக் கழுவ அடிபம்புக்குப் போனாள். போனில் தம்பியும் நானும் மட்டும். முதல்முறையாக அப்படி வாய்த்தது. உண்மை தெரிந்த இரண்டு பேர். என்னைத் திட்டுவான், திட்டட்டும், திட்டினால் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று மனசு அடித்துக்கொண்டது.

அவன் செவலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்ல வேளைண்ணே, அன்னைக்கு அனுப்பிச்சு விட்டேன்" என்றான். "இல்லைன்னா அப்பா வெறுமனே போயிருப்பாரு."

விளையாட்டாகச் சொல்கிறானா என்று போனைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தேன். முகத்தில் சிரிப்பு இல்லை. கண் கலங்கியிருந்தது. பொய் சொல்லிக்கொண்டு நிற்க மாட்டேன் என்று கடல் தாண்டி என் கடைக்கு வந்து உட்கார்ந்த பிள்ளை.

"இல்லையாண்ணே?" என்று கேட்டான்.

கண்மாயில் கொட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. செவலை அசையாமல் நின்று கொள்ளு மென்றுகொண்டிருந்தது. நான் தரையில் நின்றபடி தலையாட்டினேன்.