தேயிலைச் சாயமும் மெழுகுச் சுவரும்

மல்லிகாவின் இருமலுக்கு நாங்கள் முதலில் வைத்த பெயர் தூசி. நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தின் தேயிலை ஆலையில் (ஸ்டோர் என்போம்) தூள் சலிக்கும் பகுதியில் என் மனைவி வேலை செய்தாள். அங்கே நிற்பவர்கள் எல்லோருமே கொஞ்சம் இருமுவார்கள். மாலைக் காய்ச்சலும், சேலை இடுப்பில் நிற்காத மெலிவும் வந்த பிறகுதான் ஹட்டனில் சளியைச் சோதித்தோம். காசநோய் (நுரையீரலை அரிக்கும் பக்டீரியாத் தொற்று).

உங்கள் வீட்டிலும் இப்போது இதே நோய் இருக்கலாம். அதனால் எங்களுக்கு நேர்ந்த பிழையை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

மாத்திரை ஆறு மாதம். தினமும் என் கண் முன்னால் விழுங்க வேண்டும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மல்லிகா பயப்படவில்லை, சந்தோஷப்பட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நான் பாடசாலை அலுவலகத்தில் எழுதுவினைஞர் (கிளார்க்). பயிற்சி ஒன்றுக்காகக் கண்டியில் சில நாட்கள் தங்க நேர்ந்தது. தினமும் தொலைபேசியில் கேட்டேன். "போட்டாச்சுங்க, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

திரும்பிய மறுநாள் கிளினிக்.

"இப்பல்லாம் நெறமே இல்ல டொக்டர். பச்சத்தண்ணியாட்டம் போகுது" என்றாள் மல்லிகா, பெருமையாக.

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அக்கா, மாத்திரைய எப்ப நிப்பாட்டுனீங்க?"

மல்லிகா என்னைப் பார்த்தாள். "இவரு கண்டிக்குப் போன அன்னிக்கு வயித்தப் பொரட்டுச்சு, போடல. மறுநாள் பாத்தா நெறம் கொறஞ்சிருக்கு. இத்தன வருசம் உள்ள போன தூசி பூரா சாயமா எறங்கி முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். ஒரே தூள்ல திரும்பத் திரும்பத் தண்ணி ஊத்துனா கடைசில வெளுக்கத்தானே செய்யும்?"

"அது தூசியோட சாயம் இல்லக்கா. மாத்திரையோட நெறம். மாத்திரைய விட்டீங்க, நெறமும் போயிருச்சு."

பிறகு ஒரு தாளில் படம் வரைந்தார். பக்டீரியா ஒரே ஒரு கலம் (உயிரணு). நம் கலத்தில் இருப்பதுபோல உறையிட்ட கரு அதற்கு இல்லை. மரபுப் பொருள் (கலம் தன்னை நடத்தவும் பெருக்கவும் வைத்திருக்கும் குறிப்பு) நூலைப் போலச் சுருண்டு உள்ளே கிடக்கும். அதைச் சுற்றிப் புரதம் செய்யும் நுண்துகள்கள். அவற்றை மூடி ஒரு மென்சவ்வு, அதற்கு வெளியே சுவர். காசநோய்க் கிருமியின் சுவரில் மெழுகு போன்ற கொழுப்பு தடிப்பாக இருப்பதால் மருந்து எளிதில் நுழையாது.

"மெழுகுன்னா, தேயில மலைல மரத்துல தொங்குற குளவிக்கூடு மாதிரிங்களா?" என்றாள் மல்லிகா.

"குளவி சத்தம் போட்டு வரும். இது சத்தமே போடாதுக்கா."

ஒரு மாத்திரை அந்தச் சுவரைக் கட்டவிடாது. நிறம் தரும் மாத்திரை உள்ளே இருக்கும் குறிப்பைப் படிக்கவிடாது. ஆனால் இந்தக் கிருமி ஒன்று இரண்டாகவே ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும்; சில, வேலை எதுவும் செய்யாமல் உறங்கிக் கிடக்கும். இடையில் விட்டால் அவை எழும்பும். மருந்துக்கு அசையாதவை மிஞ்சினால் இந்த மாத்திரைகளே பயன்படாமல் போகும். டொக்டர் இதைச் சொன்னபோது மல்லிகாவின் கை என் சட்டை நுனியைப் பிடித்திருந்தது.

நல்லவேளை, விட்டது சில நாட்கள்தான். தொடரச் சொன்னார்கள்.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்ததும், "சீக்கிரம் முடிஞ்சா தேவலன்னு இருந்துச்சுங்க. தனித் தட்டுல தின்ன முடியல" என்றாள்.

தட்டைப் பிரிக்கச் சொல்லி எந்த டொக்டரும் சொல்லவில்லை. காற்றில்தான் இது பரவும். அவளாகப் பிரித்துக்கொண்டது. அன்று மதியம் ஜன்னல்களைத் திறந்துவைத்து, சோற்றை ஒரே தட்டில் போட்டு நடுவில் வைத்தேன். "பைத்தியமா ஒங்களுக்கு?" என்று திட்டிக்கொண்டே என் பக்கம் கருவாட்டைத் தள்ளினாள்.

கடைசிச் சோதனையில் சளியில் கிருமி இல்லை. மாத்திரை நின்றது.

அந்த மாத்திரைகளை வெறும் வயிற்றில் போட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் தேத்தண்ணி குடிக்கலாம். முடிந்த மறுநாள் காலை, அவள் எழுந்ததுமே ஊற்றிக் கொடுத்தேன். இரு கைகளாலும் கோப்பையைப் பிடித்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தாள். குடிக்கவில்லை.

"என்ன மல்லிகா?"

"இன்னும் நேரமாகலியேன்னு இருந்தேன்."

மனதுக்குத் தெரிந்தது உடம்புக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அவசரப்படுத்தாமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.