மல்லிகனும் டோனியும்

இரண்டு வருடங்களுக்கு முன், பெங்களூரு தொம்மலூரில் எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் நடந்தது. லண்டனிலிருந்து வந்த கிளையன்ட் அம்மாவை மதிய விருந்துக்கு அழைத்துப் போயிருந்தோம். வாடிக்கையாளர்களிடம் நேரடியாகப் பேசும் பொறுப்பை எனக்குத் தரலாமா என்பதை, அன்று நான் பேசுவதைப் பார்த்து முடிவு செய்யப்போவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

மெனுவில் 'முல்லிகாடானி சூப்' என்றிருந்தது. அந்த அம்மாவுக்கு வார்த்தைகளின் பூர்வீகம் என்றால் உயிர். இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? மல்லிகன், டோனி என்ற இரண்டு ஐரிஷ் சமையல்காரர்கள் கண்டோன்மென்ட்டில் கண்டுபிடித்த சூப் என்று கூசாமல் அளந்துவிட்டேன்.

அவர் நம்பவில்லை. சூப் கொண்டுவந்த பணிப்பெண்ணிடம், அப்படியா என்று கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, சார் விளையாட்டுக்குச் சொன்னார், நிஜக் கதையை இப்போது சொல்வார் என்று ஆங்கிலத்தில் சமாளித்தார். பிறகு என் பக்கம் குனிந்து கிண்ணத்தை வைத்தபடி, "மிளகுத்தண்ணி சார். மெதுவா சொல்லிப் பாருங்க, வந்துரும்" என்றார்.

வந்துவிட்டது. ராணிப்பேட்டையில் சளி பிடித்தபோதெல்லாம் மிளகு ரசம் குடித்து வளர்ந்தவன் நான். மூக்குக்கு நேரே அந்த வாசனை வந்தும் உறைக்கவில்லை. மிளகையும் தண்ணீரையும் விளக்கினேன். கிளையன்ட் அம்மா பரவசமாகி என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. முதல் கதை என் புளுகு, இரண்டாவது அந்தப் பணிப்பெண் சொல்லித் தந்தது என்று உண்மையை உடைத்துவிட்டேன். கிளையன்ட் அம்மா எழுந்து போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் உண்மையை ஒப்புக்கொண்டதைப் பார்த்து மேனேஜர் பொறுப்பையும் எனக்கே தந்தார்.

கிளம்பும்போது, எப்படித் தெரியும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"சேந்த புதுசுல அந்தப் பேரு வாயிலயே நுழையல சார். ஜோகுபாளையத்துலேந்து பஸ்ல வர்றப்ப சொல்லிச் சொல்லிப் பாத்தேன். உள்ள நம்ம தமிழ் இருந்துச்சு."

ஆர்டர் எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களை எழுதி வைத்திருந்ததைக் காட்டினார். கேட்டமரான், கட்டுமரம். செரூட், சுருட்டு. பத்தாவதோடு நின்றவராம். அசந்து போனேன்.

அவர் நினைத்திருந்தால் என் மானத்தை அந்த மேஜையிலேயே வாங்கியிருக்கலாம். இப்போதெல்லாம் தெரியாததைக் கேட்டால் தெரியாது என்கிறேன். மல்லிகனையும் டோனியையும் அன்றோடு வேலையை விட்டு அனுப்பிவிட்டேன்.