இதை நான் மாட்டவில்லை

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை இடமும் வலமும், பிறகு மேலும் கீழுமாக, தானியம் பொறுக்கும் கோழியைப் போல அசைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு எதிரே மரச்சட்டத்தில் ஒரு காரின் முன்கண்ணாடி சாய்ந்து நிற்கிறது. கண்ணாடிக்கு அப்பால் வெள்ளைச் சுவர். அதில் அளவுகோல் வைத்து இழுத்த கறுப்புக் கட்டங்கள். தலை அசையும்போது கட்டத்தின் கோடு நேராகவே நின்றால் கண்ணாடி தேறிவிட்டது. எங்காவது புழு மாதிரி நெளிந்தால் அந்த இடத்தில் வெள்ளை மார்க்கரால் ஒரு வட்டம் போட்டு, "போயிட்டு வாப்பா" என்று கண்ணாடிக்கே விடை கொடுத்துவிடுவார்.

நாற்பத்தாறு வயதுப் பெண். இருபத்திரண்டு வருடமாகக் கார்களுக்கு முன்கண்ணாடி மாற்றுகிறார். பட்டறை அவருடைய அண்ணனுடையது. அந்த வெள்ளைச் சுவரில் பட்டறையின் பெயரைத் தெருக்கோடி வரை தெரிகிற மாதிரி எழுத வேண்டும் என்று அண்ணனுக்கு வெகுநாள் ஆசை. ஒருமுறை பெயிண்டரையே கூட்டிவந்துவிட்டார். தங்கை சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, "முதல்ல என் மேல எழுதுங்க. மிச்சம் இருந்தா சுவத்துல எழுதலாம்" என்றாராம். பெயிண்டர் டப்பாவைத் திறக்காமலே போய்விட்டார்.

சுற்றுவட்டாரப் பட்டறைகளில் இவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபம் வருவதில்லை. "சின்னதைப் பெருசாக் காட்டத்தானே அது இருக்கு? சரியான பேருதான்."

தொழில் வீட்டுக்கும் கூடவே போகிறது. நாத்தனார் வீட்டுக்கு விருந்துக்குப் போனவர், புதிதாக வாங்கியிருந்த மீன்தொட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, "மீனுக்கு வயிறு ஒண்ணும் வீங்கல அண்ணி. உங்க தொட்டிக் கண்ணாடிதான் கோணல்" என்று சொல்லி, அந்த வீட்டில் அரை நாள் பேச்சை நிறுத்திவைத்தார். பேருந்தில் ஓட்டுநருக்குப் பின் இருக்கைதான் பிடிப்பார். தலையை ஆட்டி ஆட்டிக் கண்ணாடியைச் சோதிப்பார். கல்லூரியில் படிக்கும் மகள் கடைசி வரிசைக்குப் போய்விடுவாள். "யாரோ ஒரு அம்மான்னு நினைச்சுக்கட்டும்னு நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்குவேன்" என்று மகளே என்னிடம் சொன்னாள்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது ஒரு கல்லால். முன்னால் போன லாரியின் சக்கரத்திலிருந்து தெறித்த கல். காலையில் விரல் நீளம் இருந்த விரிசல் சாயங்காலத்துக்குள் முழ நீளம் ஆகிவிட்டது. காரை விற்ற நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில், கம்பெனிக் கண்ணாடிதான் போட வேண்டும், வர நான்கு வாரம் ஆகும், வேறு எதைப் போட்டாலும் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றார்கள். என் மைத்துனரோ, வேறு ஆலை செய்த வெளிக் கண்ணாடி போதும், கம்பெனிக்காரன் முத்திரைக்குத்தான் விலை வைக்கிறான் என்றார். இரண்டு பேரும் ஒரே அழுத்தத்தோடு சொன்னதால் எனக்கு இருவர் மேலும் நம்பிக்கை போயிற்று.

"எது நல்லதும்மா, கம்பெனிக் கண்ணாடியா, வெளிக் கண்ணாடியா?"

"மூத்த மருமக நல்லவளா, இளைய மருமக நல்லவளான்னு கேக்குற மாதிரி இருக்கு. வீட்டுக்கு வரட்டும் சார், பார்த்துச் சொல்றேன்."

என் காருக்குள் ஏறி உட்கார்ந்தார். நடுவில் இருக்கும் சிறு கண்ணாடிக்குப் பின்னால் விரலை விட்டுத் துழாவினார். "உள்ள கேமரா இல்ல. மழை வந்தாத் தானா துடைக்கிற சமாசாரமும் இல்ல. எட்டு வருஷ வண்டி. நல்ல வெளிக் கண்ணாடி போதும்."

கம்பெனிக் கண்ணாடியே போட்டால் ஒரு மனத்திருப்தி என்று இழுத்தேன்.

"தாராளமாக் காத்திருங்க. ஆனா எதுக்காகக் காத்திருக்கோம்னு உங்களுக்கே ஒரு பதில் சொல்லிட்டுக் காத்திருங்க."

வெளிக் கண்ணாடியையே வரவழைக்கச் சொன்னேன்.

அதே காலையில் ஒரு பல் மருத்துவர் வந்தார். வாங்கி ஆறு மாதம் ஆன கார். முன்னால் யாராவது குறுக்கே வந்தால் தானே பிரேக் பிடிக்கும் வகை. அவர் வெளிக் கண்ணாடி கேட்டார். பூதக்கண்ணாடி முடியாது என்றுவிட்டார். இந்தக் காரின் கேமரா கண்ணாடி வழியாகத்தான் சாலையைப் பார்க்கிறது, இந்த மாடலுக்குப் பொருத்தமான வெளிக் கண்ணாடி இன்னும் தன் கண்ணில் படவில்லை, கம்பெனிக் கண்ணாடியைப் போட்டுக் கேமராவையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

"பக்கத்துப் பட்டறையில போட்டுத் தர்றேங்கிறாங்களே?" என்றார் மருத்துவர்.

"உங்க மாமனார் மூக்குக்கண்ணாடிய மாட்டிக்கிட்டு எனக்குப் பல்லு பிடுங்குவீங்களா சார்?"

மருத்துவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனுக்கு வரவில்லை. "என் தங்கச்சி வாயைத் திறந்தா எனக்கு ஒரு வண்டி குறையும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அதில் பாதி பெருமை இருந்ததைக் கவனித்தேன்.

இந்தப் பிடிவாதம் பிறவிக் குணம் இல்லை என்கிறார். பத்து வருடம் முன்பு ஒரு மனிதருக்குக் கண்ணாடி மாற்றினார். அவர் மூன்று முறை திரும்பி வந்து, ஓட்டினால் தலை வலிக்கிறது என்றார். மூன்று முறையும் துடைத்துப் பார்த்து, கண்ணாடியில் ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். அவர் கண் மருத்துவரிடம் போய்ப் புது மூக்குக்கண்ணாடி வாங்கினார். வலி போகவில்லை. நான்காம் முறை வரவில்லை. இவருக்கு உறுத்தியது. விலாசம் தேடிப் போனபோது, வயதாகிவிட்டது, இனி ஓட்டக் கூடாது என்று அவரே முடிவு செய்து காரை விற்றிருந்தார். இவர் வாங்கியவரைக் கண்டுபிடித்து, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார். சரியாகக் கண் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தெரு நெளிந்தது.

"அவருக்கு அப்ப அம்பத்தெட்டு வயசுதான் சார். நல்ல கண்ணு. நாங்கதான் அவரைக் கிழவர் ஆக்கிட்டோம்."

மறுநாள்தான் சுவரில் கட்டம் போட்டார்.

போன வருடம் நடந்த சண்டையை எல்லோரும் அவரவர் பங்குக்குச் சொன்னார்கள். ஒரு துணி ஆலை, வேலைக்கு வரும் பெண்களை ஏற்றி இறக்கப் பதினான்கு வேன்கள் வைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அதன் போக்குவரத்து மேலாளர் வந்தார். கண்ணாடிகளை ஆலையே எங்கோ மொத்தமாக வாங்கி மரப்பெட்டியில் அனுப்பியிருந்தது. மாட்டினால் போதும். அண்ணன் பட்டறைக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய வேலை.

பூதக்கண்ணாடி முதல் கண்ணாடியைச் சட்டத்தில் நிறுத்தித் தலையை ஆட்டினார். வட்டம். இரண்டாவது, வட்டம். ஆறு பார்த்து ஆறிலும் வட்டம், அதுவும் ஒரே இடத்தில்.

"இதை மாட்ட முடியாது."

மேலாளர் கண்ணாடியின் மூலையைத் தட்டிக் காட்டினார். "தர முத்திரை இருக்கு, பாரு. இதுக்கு மேல உனக்கு என்னம்மா வேணும்?"

"முத்திரை மூலையில இருக்கு சார். டிரைவர் மூலையைப் பார்த்தா ஓட்டப் போறாரு?"

அண்ணன் நடுவில் வந்தார். "அவங்க பொருள், அவங்க பொறுப்பு. நீ மாட்டிடும்மா."

"பொருள் அவங்களோடது. கை என்னோடது அண்ணா."

மேலாளர் முன்னால் அண்ணனுக்கு மானம் போயிற்று. தானே இறங்கி ஒரு வேனுக்குக் கண்ணாடி பொருத்தினார். நல்ல வேலைக்காரர், சுத்தமாகவே பொருத்தினார். தங்கை கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை பார்த்தார். பிறகு மார்க்கரை எடுத்து, அந்தக் கண்ணாடியில் பெரிய எழுத்தில், 'இதை நான் மாட்டவில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"நாளையிலேர்ந்து நீ வர வேணாம்" என்றார் அண்ணன்.

"நாளைக்கு வரைக்கும் எதுக்கு? இப்பவே கெளம்புறேன்."

போகும்போது கண்ணாடியைத் தூக்கும் இரண்டு ரப்பர் பிடிகளையும் எடுத்துக்கொண்டார். அவை அவருடையவை. அண்ணன் அன்று மாலை வரை பக்கத்துப் பட்டறைகளில் பிடி இரவல் கேட்டு அலைந்தார். கேட்ட இடத்திலெல்லாம் கதையையும் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் வீட்டில் இருந்தது பதினொரு நாள். மின்வாரியத்தில் வேலை பார்க்கும் கணவர் முதல் மூன்று நாள், "நீ செஞ்சதுதான் சரி" என்றார். நான்காம் நாள் மனைவி வீட்டு ஜன்னல்களை எல்லாம் கழற்றிப் போட்டுச் சரிபார்க்க ஆரம்பித்ததும், "உங்க அண்ணன்கிட்ட நான் வேணா பேசட்டுமா?" என்றார். பேசக் கூடாது என்று உத்தரவு. ஆனால் அந்த நாட்களில் அம்மா சாப்பிடும்போது பாதியில் எழுந்து வாசலுக்குப் போய் நின்றாள் என்கிறாள் மகள். அண்ணன் வந்தால் தெரியும்படி கதவைச் சாத்தவும் விடவில்லையாம்.

அதற்குள் அண்ணன் நான்கு வேன்களை முடித்திருந்தார். பத்தாம் நாள் மாலை மழை. ஆலை விட்டு வந்த வேன்களில் ஒன்று, பத்தொன்பது பெண்களோடு சாலை நடுவில் நின்றுவிட்டது. எதிரே வரும் ஒவ்வொரு விளக்கும் இரண்டாகத் தெரிகிறது, எது வண்டி, எது அதன் நிழல் என்று புரியவில்லை என்று ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டார். பெண்களும் அவரைத் திட்டவில்லை. இறங்கி, முந்தானையையும் துப்பட்டாவையும் தலையில் போட்டுக்கொண்டு ஓரமாக நடந்தார்கள். மறுநாள் காலை நான்கு வேன்களும் ஆலை வாசலில் வரிசையாக நின்றன. நான்கு ஓட்டுநர்களும் சாவியை மேலாளர் மேஜையில் வைத்தார்கள். ஒருவர் மட்டும் பேசினார். "எங்களுக்குப் பத்து நாளாத் தலைவலி சார். முதல் வண்டிக் கண்ணாடியில எழுதியே வெச்சிருந்தாங்க, நாங்கதான் அழிச்சிட்டு ஓட்டினோம்."

அன்று மதியம் அண்ணன் தங்கை வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. செருப்பையும் கழற்றவில்லை.

"பெட்டியைத் திருப்பி அனுப்பியாச்சு. வா."

"சாப்டியா அண்ணா?"

"அதெல்லாம் இருக்கட்டும். மேனேஜர் பதினாலுக்கும் கம்பெனிக் கண்ணாடியே சொல்லிட்டாரு. இப்ப உனக்குத் திருப்திதானே?"

"கம்பெனிக் கண்ணாடி எதுக்கு? அந்த வேனுக்கு நல்ல வெளிக் கண்ணாடியே கிடைக்குதே!"

அண்ணன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாராம். "ஜெயிச்ச பிறகாவது சும்மா இருக்க மாட்டியா நீ?"

சும்மா இருக்கவில்லை. பழி வரக் கூடாது என்பதற்காகவே விலை கூடியதைத் தேடிய மேலாளரோடு மறுபடி ஒரு சண்டை. தான் வெளிக் கண்ணாடிக்கு எதிரி இல்லை, கோணல் கண்ணாடிக்குத்தான் எதிரி என்றார். மூன்று இடத்திலிருந்து தலா ஒரு கண்ணாடியை வரவழைத்து, மேலாளரையே ஒரு கண்ணை மூடித் தலையை ஆட்டிப் பார்க்க வைத்தார். டை கட்டிய அந்த மனிதர் தலையை ஆட்டியதை, ஓட்டுநர்கள் இன்றும் ஆட்டிக் காட்டுகிறார்கள். ஒன்று தேறியது. வெளிக் கண்ணாடிதான். பதினான்கையும் அவரே மாட்டினார்.

என் காருக்கான கண்ணாடி மூன்றாம் நாள் வந்தது. பழையதைக் கம்பியால் அறுத்தெடுத்தார். சட்டத்தில் விரல் விட்டுத் தடவி, துரு இருந்த ஓர் இடத்தைச் சுரண்டிப் பூச்சு அடித்தார். பசையை ஒரே மூச்சில், கை நடுங்காமல், சுற்றிலும் இழுத்தார். கண்ணாடியை வைத்து அழுத்தியபோது மணி பன்னிரண்டு. தெருவே புதிதாகக் கழுவிவிட்ட மாதிரி தெரிந்தது. எனக்கு ஒரு மணிக்கு அலுவலகத்தில் கூட்டம்.

"ரெண்டு மணி வரைக்கும் நகரக் கூடாது. பசை இறுகணும்" என்றார்.

மெதுவாகத்தானே ஓட்டப் போகிறேன் என்றேன். வாசலில் அடுத்த கார் ஹாரன் அடித்தது. உள்ளிருந்து அண்ணன் குரல் கொடுத்தார்: "விட்டுடும்மா, அவர் பார்த்துப் போயிக்குவாரு!"

நான் சாவிக்காகக் கை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். சாவியைப் புடவைக்கு மேல் போட்டிருந்த வேலைச் சட்டையின் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். ஒரு முக்காலியை இழுத்துவந்து, என் காரின் முன்பக்கத்தை ஒட்டிப் போட்டு, எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.