பின்பக்கம் பார்க்கிறவள்

தக்காளியைத் தலைகீழாகத் திருப்பி, காம்பு இருந்த குழியை மோந்து பார்த்து, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திய பிறகுதான் கூடையில் போடுகிறாள். தள்ளுவண்டிக்காரருக்கு இது பழகிப்போன சோதனை. "அக்கா, விட்டா உரிச்சே பார்ப்பீங்க போல" என்கிறார். "உரிச்சுக் காட்டு, வேணாங்கல" என்கிறாள், அடுத்ததைத் திருப்பிக்கொண்டே.

எங்கள் குடியிருப்பில் கீழ்வீட்டுக்காரி. ஏற்றுமதிக்கு ஆடை தைக்கும் தொழிற்சாலையில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டைகளை உள்பக்கம் வெளியே திருப்பி, கோணல் தையலோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் சிறிய சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவாள். அம்பு விழுந்த சட்டை திரும்பிப் போய்ச் சரியாகி வர வேண்டும். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் 'எக்ஸ்ரே அக்கா'. ஸ்டிக்கர் சுருள் கைப்பையிலும் இருக்கும். ஒருமுறை என் வீட்டுச் சோபாவில் ஓர் அம்பை ஒட்டிவிட்டுப் போனாள். குனிந்து பார்த்தேன். உறையின் தையல் விட்டிருந்தது.

"முன்பக்கம் எல்லாமே அழகுதாம்மா. திருப்பிக் காட்டச் சொல்லுங்க, குட்டு வெளிப்பட்டுடும்" என்பாள்.

விதியைப் பாருங்கள், இவளுக்கு வாய்த்த கணவருக்கு முன்பக்கம் செய்வதே பிழைப்பு. தொலைக்காட்சித் தொடர்களுக்கு செட் போடும் தச்சர். ஒட்டுப்பலகையையும் பஞ்சையும் வைத்துக் கோடீஸ்வரர் வீட்டுப் படுக்கையறையை எழுப்பிவிடுவார். அதற்குப் பின்னால் போய்ப் பார்த்தால் சட்டமும் ஆணியும் பல்லிளிக்கும். "கேமரா பார்க்காத பக்கத்துக்கு எவன் பெயின்ட் அடிப்பான்?" என்று சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு இரண்டு வருஷத்துக்கு முன் நின்றுபோனது. ஒரு தொடர் பாதியில் நின்று வேலை போனதை அவர் வீட்டில் சொல்லவில்லை. தினமும் சாப்பாட்டு டப்பாவுடன் கிளம்பி, பூங்காவில் பொழுதைக் கழித்துவிட்டு வந்தார். துவைக்க எடுத்த சட்டையை அவள் வழக்கம்போல உள்பக்கம் திருப்பினாள். பை மடிப்பில் மரத்தூள் இல்லை. துருவிக் கேட்டதும் உண்மை வெளிவந்தது. அன்றே அவருடைய தலையணை கூடத்துக்கு வந்துவிட்டது. பிறகு வேறு இடத்தில் வேலை கிடைத்தது, பை மடிப்பில் தூளும் வந்தது. தலையணை மட்டும் உள்ளே போகவில்லை.

"வேலை போனதுக்கா கோவம்? நான் கட்டிக்கொடுத்த சோத்தைப் பூங்காவில உட்கார்ந்து தின்னுட்டு, 'இன்னிக்கு ஒரே வேலை, இடுப்பு கழண்டுபோச்சு'ன்னாரே. நான் வேற, தைலம் தேய்ச்சு விட்டேம்மா." இதை இப்போதும் என்னிடம் சொல்வாள்.

போன மாதம் புதுச் சந்தேகம் முளைத்தது. அவர் சட்டையில் கருஞ்சிவப்பு வெல்வெட் நூல். நகக்கண்ணில் தங்க நிறம். தங்கையின் பிரசவத்துக்கு அவள் கிளம்பியபோது, "ஞாயித்துக்கிழமைதானே வருவே? அதுக்கு முன்னாடி வந்துட மாட்டியே?" என்று கேட்டாராம். எந்தக் கணவர் இப்படிக் கேட்பார்? தங்கையும் தூபம் போட்டாள்: "மாமா கேட்டது சரியாப் படல, அக்கா."

சனிக்கிழமையே வந்துவிட்டாள். தன் வீட்டுக்குப் போகவில்லை. பையும் தோளுமாக நேரே மாடியேறி என் வாசலில் நின்றாள். "வாங்கம்மா. எனக்கு ஒரு சாட்சி வேணும்." அவள் பின்னால் இறங்கினேன்.

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஏதோ உரசும் சத்தம். அவள் கை கைப்பிடியில் ஒரு கணம் நின்றது. பிறகு தள்ளினாள்.

முக்காலிமேல் கணவர் மட்டும்தான் இருந்தார், தோளில் திரைச்சீலையோடு. அறைதான் வேறு யாருடையதோ போலிருந்தது. கட்டிலின் தலைமாட்டில் கருஞ்சிவப்பு வெல்வெட் பலகை. அலமாரிக்குத் தங்கக் கைப்பிடிகள். கூரையிலிருந்து தரை வரை தொங்கும் திரை.

"ஜன்னல் எப்பங்க வளந்துச்சு?" திரையை விலக்கினாள். அதே பழைய குட்டி ஜன்னல். "பாத்துக்கங்கம்மா, பொய்!" திரையில் ஓர் அம்பு.

"கம்பியை ஒசத்தி மாட்டினா பெரிசாத் தெரியும்..." என்றார் அவர், இறங்கக்கூடத் தோன்றாமல்.

கைப்பிடியை நகத்தால் சுரண்டினாள். தங்கத்துக்குள் இரும்பு. அம்பு. மேசை விளக்கைக் கவிழ்த்தாள். அடிப்பாகம் பழைய பூந்தொட்டி. அம்பு.

"இந்த வெல்வெட்டு எவ வீட்டுது?"

"செட்டு பிரிச்சப்ப கழிச்சுப் போட்டது. கேட்டுத்தான் எடுத்தேன். சீரியல்ல வர்ற மாமியார்க்காரி ரூம்ல இருந்துச்சு."

"நல்லவளா, வில்லியா?"

"வில்லிதான்."

"அதானே பார்த்தேன்." கட்டிலை இழுத்தாள். மற்றதையெல்லாம் சுரண்டிவிட்டாள், இனி அந்தப் பலகையின் பின்பக்கம்தான் பாக்கி. அங்கே ஆணியும் கிழிந்த பஞ்சும் பல்லிளித்தால், அந்த மனிதருடைய தலையணை சாகும்வரை கூடத்திலேயே கிடக்கும். அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அவள் குனிந்தாள். கையை உள்ளே விட்டாள். வெளியே எடுக்கவில்லை.

நானும் எட்டிப் பார்த்தேன். இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்த பலகை. துணியின் ஓரங்களை உள்ளே மடித்து, ஓர் ஆணிகூட இல்லாமல், ஊசி நூலால் நெருக்கி நெருக்கித் தைத்திருந்தார். தச்சர் கைத் தையல். சற்று நெளிந்திருந்தது. ஓரிடத்தில் நூலோடு ரத்தப்பொட்டு காய்ந்திருந்தது. அவள் விரல் நுனி அந்தத் தையல்மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெல்லப் போனது.

"சுவரோட ஒட்டிப் போற பக்கம். இதை எவன் பார்ப்பான்னு இப்படித் தைச்சீங்க?"

"நீ பார்ப்பியே."

நான் மெதுவாக வாசற்பக்கம் நகர்ந்தேன்.

கட்டிலைத் தானே தள்ளிச் சுவரோடு சேர்த்தாள். இப்போதுதான் படுக்கையைப் பார்த்தாள். சுருக்கமில்லாத வெள்ளை விரிப்பு. நட்ட நடுவில் புது உறை போட்ட தலையணை ஒன்று. அவளுடையது மட்டும்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்தத் தலையணையை ஓரமாக நகர்த்தினாள். கைப்பையைத் திறந்து இன்னொரு சிவப்பு அம்பை உரித்து, காலியாகிப்போன மறுபாதியில், முன்பு அவர் தலையணை கிடந்த இடத்தில் ஒட்டி, பெயர்ந்துவிடாதபடி விரலால் அழுத்தித் தேய்த்தாள்.