ஆற்றுவாய் வெட்டிய கிழமையில் ஒரு நீச்சல்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வீட்டில் கேட்டால் சொல்வார்கள். ஆனால் அந்த ஞாயிறு வந்தது வேறு கோபம்.

நாட்டில் சண்டை முடிந்து வந்த முதல் மாரி. வெளியூர் நிறுவனம் ஒன்று மட்டக்களப்பில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் சேர்த்துப் போட்டி வைத்தது. எனக்குப் பரிசு தேவையில்லை. மூன்று மாதம் கழித்துத் திருகோணமலையில் இதைவிட இரண்டு மடங்கு நீளமான போட்டி இருந்தது. அங்கே நீச்சல் கடலில். அதற்கு என்னால் முடியுமா என்று பார்க்கத்தான் இதில் பெயர் கொடுத்தேன்.

கடல் என்றதும் அண்ணன் குறுக்கே நின்றார். சுனாமி வந்தபோது கடற்கரை வீட்டில் அம்மா, அண்ணன், நான் மூன்று பேரும் இருந்தோம். நீந்தத் தெரிந்தவர் அவர் மட்டும். என்னைப் பிடித்துக் கரைசேர்த்தார். அம்மா கிடைக்கவேயில்லை. அதற்குப் பிறகு நான் கிணற்றடிக்குப் போனாலும் பின்னால் வந்து நிற்பார். முப்பது வயதுக்காரிக்குக் காவல்! சத்தம் போட்டுச் சண்டை பிடித்து, கடைசியில் ஒரு சொல் வாங்கினேன்.

"காவல் தோணியப் புடிக்காம ஆத்துல முழுத்தூரமும் நீந்திக் காட்டு. பிறகு கடலுக்குப் போ. நான் ஒண்டும் சொல்ல மாட்டன்."

எட்டு மாதம், அண்ணன் வயலுக்குப் போன நேரங்களில், தன்னாமுனைப் பக்கம் தனியாக நீந்திப் பழகினேன். ஆறு என்று நாங்கள் சொல்லும் வாவியின் தண்ணீரைக் குடித்து வயிற்றோட்டம் வந்தது. கரையோர ஆமிக் காவலரணில் நின்றவன் விசில் ஊதிக் கரைக்குக் கூப்பிட்டு அடையாள அட்டை கேட்பான். நீந்துகிறவள் அட்டையை எங்கே வைப்பாள்?

போட்டிக்கு இரண்டு நாள் முன்னர் ஆற்றுவாயை வெட்டினார்கள். மழை மிஞ்சி வாவி நிரம்பினால் வயல் வட்டைகளில் நெல் மூழ்கிவிடும். வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணல்திட்டை வெட்டினால் தண்ணீர் கடலுக்கு இழுத்துக்கொண்டு ஓடும். வெட்டச் சொல்லி அரசாங்கக் கச்சேரியில் போய்க் குந்தியிருந்த கமக்காரர்களில் முன்வரிசையில் யார்? என் அண்ணன்.

"ஒரு கிழமை பொறுக்க ஏலாதா?" என்றேன்.

"கதிர் தள்ளுற நேரம்டி. வட்டை முழுக்கத் தண்ணி நிக்கிது. நீ நீந்துறதுக்காக நாங்க சோறில்லாம இரிக்கிறதா?"

அவர் சொன்னது சரி. அதனால்தான் இன்னும் எரிந்தது.

நிறுவனக்காரர்களிடம் போய் நாளை மாற்றச் சொன்னேன். சுற்றி வர மிதவை போதாமல், நீச்சலை தண்ணீர் ஓடும் முகத்துவாரப் பக்கமாக ஒரே நேர்கோட்டில் போட்டிருந்தார்கள். "நல்லதுதானே மிஸ், ஈஸியாப் போகலாம்" என்று சிரித்தான் ஒருவன். அறுவான் என்று வாய்க்குள் திட்டினேன்.

ஞாயிறு காலை குதித்தோம். கையைப் போட முன்னமே தண்ணீர் அள்ளிக்கொண்டு போனது. பாதியில் கையை நிறுத்திப் பார்த்தேன். அப்போதும் போய்க்கொண்டுதான் இருந்தேன். பக்கத்தில் ஒரு வாழைக்குற்றி வந்தது. முடிவுக் கொடியை அது எனக்கு முன்னமே தாண்டியது.

"எல்லாருமே எதிர்பார்த்ததை விட வேகம்!" என்று ஒலிபெருக்கி கத்தியது. கரையில் தலை துவட்டத் துவாயோடு நின்ற அண்ணன் சிரித்தார்.

"ஆறுதானே கொண்டு வந்து விட்டிரிக்கி. இது நீச்சலா? கடல் கதைய விடு."

"வெட்டினதும் நீங்க, நீச்சல் இல்லையெண்டு சொல்றதும் நீங்களா?" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன்.

அவருடைய சிரிப்பு நின்றது. "அண்டைக்கு ரெண்டு கையும் உன்னைப் புடிச்சிருந்திச்சு. அம்மாவப் புடிக்கக் கை இல்லாமப் போச்சு. உன்னையும் தண்ணிக்குக் குடுக்க என்னால ஏலா."

"நானா புடிக்கச் சொன்னன்?"

சொல்லக்கூடாத சொல். சொல்லிவிட்டேன். அவர் துவாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

என் சைக்கிள் வரிசையில் காத்து நின்றது. நான் திரும்பி ஆற்றில் இறங்கினேன். தொடங்கிய இடத்துக்கே, ஓடிவரும் தண்ணீருக்கு எதிராக.

"மிஸ், அது பிழையான பக்கம்!" என்றது ஒலிபெருக்கி. சனம் சிரித்தது. சிரிக்கட்டும்.

கரையில் ஒரு கண்டல் மரம் நின்றது. இருபது தரம் கையைப் போட்டுத் தலையைத் தூக்கினேன். அதே மரம். இன்னும் இருபது. அதே மரம். கெண்டைக்கால் சுண்டி இழுத்தது, தண்ணீர் மூக்கில் ஏறியது. காவல் தோணி பக்கத்தில் வந்தது.

"காணும், போதும் தங்கச்சி, புடிங்க" என்று தோணிக்காரர் கம்பை நீட்டினார். கம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. என் கை அதை நோக்கிப் போய்விட்டது. உண்மையைச் சொல்கிறேன், போய்விட்டது.

"கம்ப அங்கால எடு!" என்று கரையிலிருந்து ஒரு சத்தம்.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் சேற்றில் விழுந்தெழும்பி, கரையோரமாக அண்ணன் ஓடி வந்துகொண்டிருந்தார்.

"அவளத் தொடாத! விடு, நீந்தட்டும்!"

அதற்குப் பிறகு அவர் சொன்ன தூஷணத்தை இங்கே எழுத முடியாது. தோணிக்காரர் பயந்து கம்பை இழுத்துக்கொண்டார். நானும் அண்ணனைத் தண்ணீருக்குள்ளேயே திட்டித் திட்டி, அழுதழுது கையைப் போட்டேன். மரம் மெல்லப் பின்னால் போனது. சுனாமிக்குப் பிறகான ஐந்து வருடத்தில் அன்றைக்குத்தான் அவர் என்னைக் கையிலிருந்து விட்டார்.