தண்ணீரில் தோய்த்த கத்தி

கத்தி வாங்கப் பயந்துதான் நான் கத்தி செய்ய ஆரம்பித்தேன். சொன்னால் சிரிப்பார்கள். யுத்த காலம் அது. தெரணியகலை பஜாரில் நல்ல கவ்வாத்துக் கத்தி கிடைக்கும். ஆனால் தமிழன் ஒருவன் அதைக் காகிதத்தில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினால், வழியில் இறக்கிச் சோதிக்கும்போது என்ன சொல்வது? தேயிலைச் செடி வெட்டத்தான் என்று சிங்களத்தில் சொல்ல எனக்கு நன்றாகவே தெரியும். பயந்துவிட்டால் எனக்குத் தமிழே வராது, அப்புறம் எங்கே சிங்களம்? கராஜில் கழித்துப் போட்ட லொறி ஸ்பிரிங் பட்டையை மடியில் வைத்துக்கொண்டு வந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அது வெறும் இரும்பு.

எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, பின்னால் தகரம் இறக்கி, தரையில் ஒரு குழி தோண்டி, சிரட்டைக்கரி போட்டு ஊத ஆரம்பித்தேன். ஆறாம் வகுப்போடு நின்றவன். எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கேட்கவும் கூச்சம். கேட்டால் ‘இதுகூடத் தெரியாதா’ என்பார்களோ என்ற நினைப்பிலேயே பாதி இரும்பைப் பாழாக்கினேன். முதல் துண்டை வெள்ளையாகச் சுடும்வரை ஊதினேன். மத்தாப்பு மாதிரிப் பொறி பறந்தது. அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பொறியாகப் பறந்தது என் இரும்புதான் என்பது, சுத்தியலால் தட்டியதும் அது புட்டு மாதிரி உதிர்ந்தபோதுதான் தெரிந்தது. இன்னொன்றைக் கெட்டிப்படுத்திய பிறகுதான் பிடி மாட்ட ஓட்டை போடவில்லையே என்று ஞாபகம் வந்தது. துளைக்கும் கம்பிதான் தேய்ந்தது, கத்தியில் கீறல்கூட விழவில்லை. வேறொன்றின் வெட்டுவாயை நெருப்பில் வைப்பதற்கு முன்பே காகிதம் போல அராவிவிட்டேன். அது காய்ந்த வாழையிலை மாதிரி முறுக்கிக்கொண்டது.

எல்லாவற்றையும்விட என்னைக் கெடுத்தது கராஜ் கிரைண்டரில் பிடித்த கத்திதான். வாய் முழுக்க மயில் கழுத்து நிறம் ஏறியிருந்தது. பெருமையோடு மனைவியிடம் கொடுத்தேன். பூசணிக்காயில் வைத்து இரண்டு தரம் அழுத்திப் பார்த்தாள்.

“ஏங்க, இது கத்தியா கரண்டியா?”

அந்த நீலம், சூடு ஏறி இரும்பு மிருதுவாகிப் போனதன் அடையாளம். அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம், மிருதுவாகிவிடுமோ என்று. ஒன்றுக்குப் பயப்படுகிறவனுக்கு மற்றது கண்ணில் படாது. கெட்டியாக வேண்டும், இன்னும் கெட்டியாக வேண்டும் என்று, பழுக்கச் சுட்ட கத்தியைப் மலையிலிருந்து வரும் பீலியில் பிடித்த பச்சைத் தண்ணீரில் அப்படியே முக்கினேன். அந்தப் பட்டைக்கு எண்ணெய்தான் சரி. கராஜில் கழிவு எண்ணெய் சும்மாவே கிடந்தது. அது எனக்குத் தோன்றவே இல்லை.

அப்படி முக்கிய முதல் கத்தி நன்றாக வந்தது. அன்று பேய் மழை, தகரத்தில் கல் கொட்டுகிற மாதிரிச் சத்தம். ரொட்டி சுடும் கல்லில் அதை வைத்து, வைக்கோல் நிறம் வரும்வரை சூடு காட்டி எடுத்தேன். ரொட்டிக்கல் போச்சே என்று மனைவி கத்தியது அந்த மழையிலும் கேட்டது. கத்தியை அவள் அண்ணனிடம் கொடுத்தேன். எனக்கு மச்சான். ஒரே லயத்தில் வளர்ந்ததால் என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவார். கையில் இருந்த முடியை அதால் மழித்துப் பார்த்துவிட்டு, மறுநாள் கவ்வாத்து மலைக்கே எடுத்துப் போய்விட்டார். அங்கே அவர் அடித்த பெருமையில், தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று ஆட்கள் சொல்லியனுப்பினார்கள். என் வாழ்க்கையில் என்னிடம் யாரும் எதையும் செய்து தரக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த உற்சாகத்தில் அதே பட்டையில் இன்னொன்று அடித்தேன். அன்று வெயில். அதே போலச் சுட்டு, அதே தண்ணீரில் முக்கினேன். தண்ணீருக்குள்ளிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

“என்னங்க ஒடைஞ்சிச்சு?” என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

துடைத்துப் பார்த்தேன். முதுகுக்குப் பக்கத்தில் தலைமுடி விழுந்த மாதிரி ஒரு கோடு. நகத்தால் எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. கோடு கத்திக்குள்ளே இருந்தது.

அப்படியானால் மழையன்று? அந்தச் சத்தத்தில் ஒரு ‘டிக்’ எனக்குக் கேட்டிருக்குமா? கவ்வாத்து வெட்டுகிறவர் குனிந்து நின்று, இடது கையால் வாதை, செடியின் கிளையை, பிடித்துக்கொண்டு, கத்தியை வேகமாகத் தன் பக்கம் இழுத்து வெட்டுவார். கத்தி முறிந்தால் துண்டு போய் விழுகிற இடம் முழங்காலோ அடிவயிறோதான். போய்ச் சொன்னால் மலை முழுக்கச் சிரிக்கும். விரிசல் இல்லாவிட்டால் இன்னும் அதிகமாகச் சிரிக்கும். சொல்லாமல் இருந்தால்? நான் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்ததைப் பார்த்து அவளே சொன்னாள்.

“போய்ச் சொல்லிட்டு வாங்க. சிரிச்சா சிரிக்கட்டும். எங்கண்ணன் காலு முக்கியமா, ஒங்க மானம் முக்கியமா?”

மச்சான் வீட்டு இறவாணத்தில் செருகியிருந்த அவருடைய பழைய கத்தியை உருவி எடுத்துக்கொண்டு மலை ஏறினேன். அது இல்லாமல் போனால் அவருக்கு அன்றைய வேலை கெடும், அரைப்பேர்தான், அரைநாள் சம்பளம்தான், போடுவார்கள்.

“வாய்யா மாப்ள, கத்திய கண்ணால பாத்துட்டுப் போக வந்தியா?” என்றார் மச்சான். பக்கத்து நிரைக்காரர்கள் நிமிர்ந்தார்கள்.

“மச்சான், அத இங்க குடுங்க. வெடிச்சிருக்கும்னு நெனைக்கிறேன்.”

“நெனைக்கிறியா? மூணு நாளா வெட்டுறேன், பல்லுகூட விழல.”

“இவருக்கு வானம் இருட்டுனாலே மண்சரிவு வந்த மாதிரிதான்” என்றார் நிரையில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

“தட்டிப் பாருங்க மச்சான். சத்தத்த மட்டும் கேளுங்க.”

பழைய கத்தியைத் தொங்கவிட்டுக் கல்லால் தட்டிக் காட்டினேன். ணங் என்று நீளமாகக் கேட்டது. அவர் சலித்துக்கொண்டே என் கத்தியைத் தட்டினார். சிரட்டையைத் தட்டிய மாதிரி ஒரு சத்தம் வந்து, அங்கேயே செத்தது. மறுபடியும் தட்டினார். அவர் முகத்தில் சிரிப்பு குறைந்தது.

“ஹரி ஹரி, சீக்கிரம் முடிங்க, ஐயா வர்ற நேரம்” என்று, ‘சரி’யைச் சிங்களத்தில் சொல்லி, அவசரப்படுத்தினார் கங்காணி.

கத்தியைச் சாக்கில் சுற்றி, நுனியைக் கல்லிடுக்கில் கொடுத்து, காலால் மிதித்தேன். பலமாகக்கூட மிதிக்கவில்லை. பிஸ்கட் மாதிரி முறிந்தது. சாக்கைப் பிரித்தேன். விரிசல் இருந்தது சரிதான் என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன், அதற்காகவே என்மேல் கோபமும் வந்தது. முறிந்த இடத்தில் வாய்ப்பக்கம் மட்டும் புது வெள்ளி. முதுகிலிருந்து பாதிக்கு மேல் கறுப்பு. கறுப்பு, தண்ணீரில் முக்கிய அன்றே பிளந்து, சூட்டிலும் ஈரத்திலும் நிறம் மாறிய இடம். மூன்று நாளும் அவர் அந்தக் கொஞ்ச வெள்ளியை நம்பித்தான் வெட்டியிருக்கிறார்.

யாரும் சிரிக்கவில்லை. மச்சான் துண்டை வாங்கி, கறுப்பை விரலால் தேய்த்துப் பார்த்தார். அப்புறம், தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, அதே விரலால் தன் இடது முழங்காலைத் தடவினார்.

“அப்ப நான் எதுல வெட்டுறது?”

பழைய கத்தியை அங்கேயே ஒரு கல்லில் தீட்டினேன். இரண்டு பக்கமும் தீட்டி, தட்டி, காதில் வைத்து, மறுபடியும் தட்டி, அப்புறம்தான் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

“இது முறியாதுல்ல?”

முறியாது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. “இதோட சத்தம் நல்லா இருக்கு மச்சான். அதுக்கு மேல எனக்குத் தெரியாது.”

“நல்லா சொன்ன போ” என்று கத்தியைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த செடிக்குக் குனிந்தார். வாதைப் பிடித்தார். கத்தியை ஓங்கியவர் நிறுத்தினார். இடது காலை ஓர் அடி பின்னால் இழுத்து ஊன்றிக்கொண்டு, அப்புறம்தான் வெட்டினார். பக்கத்து நிரையில் இருந்தவரும் தன் காலைப் பார்த்துக்கொண்டார். நான் உடைந்த துண்டு இரண்டையும் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கினேன்.