ஒரு கழுத்துக்கு ஆறு அளவு

மாஸ்டர் என்றால் அந்தத் தெருவில் தையல்கடை மாஸ்டர் ஒருவர்தான். முப்பத்தோரு வருஷம் சட்டை தைத்தவர். ஒருவர் கழுத்தை ஒருமுறை அளந்து நோட்டில் குறித்துவிட்டால் அதோடு சரி. பத்து வருஷம் கழித்து வந்தாலும், "அதே கழுத்துதானே?" என்று கேட்டுவிட்டுத் துணியை வாங்கிக்கொள்வார். தொப்பையை மட்டும் மறுபடி அளப்பார். அது நியாயம்தானே!

போன வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கத்தை முடக்கிவிட்டது. கால் ஒருவழியாகத் தேறியது. கை மட்டும் முரண்டு பிடித்தது. வீட்டுக்கே ஆள் அனுப்பிக் கைக்குப் பயிற்சி கொடுக்கிற திட்டம் ஒன்று நலத்துறையில் இருந்தது. மறுபடி கத்தரிக்கோல் பிடிக்க மாஸ்டருக்கு இருந்த ஒரே வழி அதுதான். விண்ணப்பம் இணையத்தில் மட்டும். கை வராதவர்களுக்கென்றே பார்த்துப் பார்த்துச் செய்த படிவமாம். அதனால்தானோ என்னவோ, எல்லாவற்றையும் கையால்தான் அடிக்க வேண்டும்.

நோயாளியின் பெயர், முகவரி. விண்ணப்பதாரரின் பெயர், முகவரி. பயனாளி, உறுதிமொழி அளிப்பவர் என்று ஆறு இடத்தில் ஆறு பேரைக் கேட்டது. ஆறு பேரும் மாஸ்டரேதான்! ஓரிடத்தில் அடித்ததை எடுத்து இன்னோரிடத்தில் ஒட்டவும் விடாது. இருபது நிமிஷம் தாண்டினால் அத்தனையும் அழிந்துபோகும். இடது கை ஆள்காட்டி விரலை மட்டும் வைத்துக்கொண்டு மாஸ்டர் நாலாவது ஆளைத் தாண்டியதில்லை.

"நகருங்க, நான் அடிக்கிறேன்" என்றாள் மனைவி.

"என் பேரை அடிக்க எனக்குத் தெரியாதா? நீ சும்மா இரு."

உதவி எண்ணுக்குப் போன் போட்டார். "ஏம்மா, ஒரு கழுத்தை எத்தனை தடவைம்மா அளப்பீங்க? ஒரு தடவை சொன்னதை வச்சு மிச்சத்தை நீங்களே நிரப்பிக்கக் கூடாதா?"

"நல்ல யோசனை சார். இணையத்துல கருத்துப் படிவம் இருக்கு. அதுல போட்டுவிடுங்க."

திறந்து பார்த்தார். அதிலும் பெயரும் முகவரியும் மூன்று இடத்தில் கேட்டிருந்தது. "சனியன்!" என்று மூடினார்.

அப்புறம் அவருக்கு வீம்பு வந்துவிட்டது. தினமும் காலையில் உட்கார்ந்து தன் பெயரையும் முகவரியையும் அடித்துப் பழகினார். விரல் வீங்கியது. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மூன்று வாரம் கழித்து, கடைசித் தேதியன்று, பத்தொன்பது நிமிஷத்தில் ஆறு பேரையும் முடித்து அனுப்பிவிட்டார்.

"பாத்தியா! யார்கிட்ட!" என்று கத்தினார். எதிர்வீடு, பக்கத்துவீடு ஒன்று விடாமல் சொல்லிவிட்டு வந்தார். பெருமை பிடிபடவில்லை மனுஷனுக்கு.

பத்து நாளில் பதில் வந்தது. மனைவிதான் வாசித்தாள். "உதவியாளர் பகுதி காலியாக உள்ளது. விண்ணப்பதாரர் எவருடைய உதவியும் இன்றி, குறித்த நேரத்துக்குள் படிவத்தை நிரப்பியுள்ளார். அவரது கை இயக்கம் போதுமானது எனக் கருதி விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது."

"ஒரு பேரையாவது என்னை அடிக்க விட்டிருக்கலாம்ல?" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

மாஸ்டர் நேரில் போய்க் கேட்டுவிடுவது என்று கிளம்பினார். தானே தைத்த வெள்ளைச் சட்டையில் வலது கையை மெல்ல நுழைத்துக்கொண்டு நின்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.